திருவானைக்காவலில் பிறந்தவரும் நம் மாடி வானமும்



மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். அடிவானம் செம்மஞ்சளாக இருக்கும், தலைக்கு மேலே நீலம் இன்னும் போயிருக்காது. சென்ற கோடை விடுமுறையில் அங்கே நின்றுதான் என் பேத்தி கேட்டாள், வானம் ஏன் நீலம் என்று. கடலின் நிறம் அதில் தெரிகிறது என்றேன். அப்படியானால் கடல் ஏன் நீலம் என்றாள். வானம் அதில் தெரிவதால் என்றேன். ஒரே தொகையை இரண்டு கணக்கிலும் மாற்றி மாற்றி எழுதினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். பத்து வயதுக் குழந்தையிடம் மாட்டிக்கொண்டேன்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். இந்தக் கணக்கில் பாதியைச் சரிசெய்தவர் நம் திருவானைக்காவலில் பிறந்தவர்: சர் சி.வி. ராமன்.

1888 நவம்பர் 7 அன்று தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர ஐயர் திருச்சியில் ஆசிரியர். 1892-இல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போய்விட்டது. ஆகவே நம் ஊருக்கு அவர் மேல் உள்ள உரிமை மூன்று நான்கு வருடம்தான், அதை மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் தண்ணீரின் நிறத்தை ஆராயப்போகிற குழந்தை, பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரிய ஊரில் பிறந்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அப்போது வயது 18. பேரேடும் வவுச்சரும்தான் வேலை, நம் ஆள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் கணக்கு, இரவில் மீண்டும் ஆய்வுக்கூடம். நடுவில் ரங்கூன், நாக்பூர் மாற்றல்களும் உண்டு. மாற்றல் உத்தரவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் நிதித்துறையில் வாங்கியதைவிடக் குறைவு. அப்போது அவருக்கு 28 வயது, குடும்பஸ்தர். அரசு வேலையை விட்டுவிட்டார். எனக்கும் அதே 28 வயதில் வேலையை விட்டு மேலே படிக்கலாமா என்று ஓர் ஆசை வந்தது. பி.எஃப். இருப்பைப் பார்த்தேன், அம்மாவின் மருந்துச் சீட்டைப் பார்த்தேன், மறுநாள் காலை வழக்கம்போல் கவுன்டரில் உட்கார்ந்தேன். தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் 1917 என்று படித்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

1921-இல் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பினார். கடல் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு எழுதியிருந்தார். ராலே சாதாரண ஆள் அல்ல. காற்றின் மூலக்கூறுகளே சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன, அலைநீளம் குறையக் குறைய சிதறல் வேகமாகக் கூடுகிறது என்று கணக்குப் போட்டு, வானம் நீலமாக இருப்பதை விளக்கியவரே அவர்தான். நீல ஒளி சிவப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு சிதறும். மாலையில் ஒளி காற்றில் நெடுந்தூரம் வர வேண்டியிருப்பதால் நீலம் வழியிலேயே சிதறித் தீர்ந்து, மிஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. காற்றில் புகையும் தூசியும் கூடினால் எல்லா நிறமும் ஏறத்தாழச் சமமாகச் சிதறி வானம் வெளுத்துப்போகும். போகி அன்று காலையில் நம் தெருவிலேயே பார்க்கலாம்.

ராமன் கப்பல் தளத்தில் நின்று நிகோல் பட்டகம் என்ற சிறு கருவி வழியாகக் கடலைப் பார்த்தார். சரியான கோணத்தில் பிடித்தால் அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை மறைத்துவிடும். மறைத்த பிறகும் நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனதில், 1928 பிப்ரவரி 28 அன்று கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ராமன் விளைவைக் கண்டார். சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு. வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டை வைத்திருப்போமே, அதுபோல. 1930-இல் நோபல் பரிசு வந்தது, ராமனுக்கு மட்டும். கிருஷ்ணனின் உழைப்பை நாம் மறக்கக் கூடாது.

இந்தக் கையெழுத்து இன்று வானிலைக்கு உதவுகிறது. லேசர் ஒளியை மேலே அனுப்பி, திரும்பி வருவதில் நைட்ரஜன் எது, நீராவி எது என்று பிரித்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று அளக்கிறார்கள். ஈரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான், அவை பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும் மிகக் குறைவாக இருந்தும் அவைதான் பிடித்து வைக்கின்றன. அவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இன்றைய 15 டிகிரி அளவில் இல்லாமல் மைனஸ் 18-க்குப் போய்விடும். காற்று உலர்ந்து தெளிந்த தை மாத விடியலில் போர்வை தேடுகிறோம், மேகம் மூடிய இரவில் மின்விசிறியின் கீழும் புழுங்குகிறோம். காரணம் இதுதான்.

அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன் 1925-இல் வானிலைத் துறைக்குப் போனார். மழை மேகங்கள் எழும் அடுக்கின் உச்சி துருவங்களைவிட நம் வெப்பமண்டலத்தில் அதிக உயரத்திலும் அதிகக் குளிராகவும் இருக்கிறது என்று 1929-இல் காட்டினார். ராமனின் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்த அன்னா மணி, பின்னாளில் வெயிலையும் ஓசோனையும் அளக்கும் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்தார். ஆனாலும் 1933-இல் கமலா சோஹோனியைப் பெண் என்பதாலேயே ராமன் முதலில் சேர்க்க மறுத்தார், பிறகு நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். பெரியவர் என்பதற்காக அதை விட்டுவிட முடியவில்லை.

1970 நவம்பர் 21 அன்று பெங்களூரில் காலமானார். அவர் நிறுவிய ஆய்வு நிலையத் தோட்டத்திலேயே உடல் தகனம் செய்யப்பட்டது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் வாங்கிக்கொண்டு காவிரிப் பாலத்துக்கு வாருங்கள். தண்ணீரைச் சாய்வாகப் பார்த்தால், தலை நேராக இருக்கும்போது பளபளப்பு மறையும், தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் திரும்ப வரும். நம் காவிரி நீலமாகத் தெரியாது, வண்டல் நிறம்தான். பேத்தி அரையாண்டு விடுமுறைக்கு வருகிறாள், அவளையும் அழைத்து வருகிறேன்.