மிட்டாய்க் கடையில் பிறந்த விஞ்ஞானக் கதை

தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே நிற்க, கண் கொட்டாமல் பார்த்துக் கொண்டிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் அதட்டியிருக்கிறோம். அதட்டிவிட்டு, அப்படி என்னதான் ஓடுகிறது என்று ஒரு கணம் நாமும் எட்டிப் பார்த்திருக்கிறோம். வயிற்றுப் பையிலிருந்து விந்தைப் பொருள்களை எடுத்துக் கொடுக்கும் நீலப் பூனை, பெயர் டோரேமான், ஜப்பானியச் சரக்கு. அதைப் படைத்தவர் பள்ளிப் பருவத்தில் தம் நண்பரோடு சேர்ந்து ஒரு மலிவுச் சித்திரக்கதைப் புத்தகத்தைப் படித்தார். இனி நம் தொழில் இதுதான் என்று இருவரும் அன்றே தீர்மானித்து விட்டார்கள். அந்த மலிவுப் புத்தகத்தை வரைந்தவர் ஒரு மருத்துவ மாணவர். வயது 18. பெயர் ஒசாமு தெசுகா.

இவரை உலகம் கார்ட்டூன் படம் எடுத்தவராக அறியும். அந்தப் படங்களுக்கு முன்னால், எந்தப் பெரிய நிறுவனத்தின் நிழலும் இல்லாமல், ஒசாகா நகரத்துத் தெருக்கடைகளை நம்பி அவர் வரைந்த விஞ்ஞானச் சித்திரக்கதைகளைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம். உழைப்பவனுக்கு அவற்றில் சேதி உண்டு. அவர் வாழ்விலும் உண்டு. அது அத்தனையும் இனிப்பான சேதி அல்ல.

1928-ம் ஆண்டு நவம்பர் 3-ம் நாள் ஒசாகாவை அடுத்த தோயோநாகாவில் பிறந்தார். வளர்ந்தது தக்கராசுக்கா என்ற ஊரில். பெண்களே ஆண் வேடமும் போட்டு நடிக்கும் நாடகக் குழுவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. ஏழை வீடு அல்ல. தந்தை வீட்டிலேயே சிறு படக்கருவி வைத்து சாப்ளின் படமும் மிக்கி எலிப் படமும் ஓட்டிக் காட்டுவார். தாய் சித்திரக்கதைகளைக் குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டுவார். பையனுக்குப் பூச்சி பிடிப்பதில் பித்து. ஒசாமுஷி என்றொரு வண்டின் பெயர் தம் பெயரோடு ஒத்திருந்ததால், தம் பெயரை எழுதும்போது பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்தே எழுதத் தொடங்கினார். பூச்சி என்ற அந்தச் சொல்லே பின்னாளில் அவர் நிறுவனத்தின் பெயரும் ஆயிற்று.

போர் வந்தது. பள்ளிப் பிள்ளைகளையும் தொழிற்சாலைக்கு இழுத்துப் போனது ஜப்பானிய இராணுவ ஆட்சி. தெசுகாவும் போனார். அங்கேயும் கை சும்மா இருக்கவில்லை. படம் வரைந்து கழிப்பறைச் சுவரில் ஒட்டி, உடன் வேலை செய்த பையன்களுக்குக் காட்டினார். 1945 ஜூனில் அமெரிக்க விமானங்கள் ஒசாகாவின் மேல் நெருப்பைக் கொட்டியபோது அவர் கண்காணிப்புக் கோபுரத்தின் மேல் நின்றிருந்தார். உயிர் தப்பி இறங்கி வந்தவர் ஆற்றங்கரையில் கண்ட பிணக் குவியலை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று போர் முடிந்தது. அன்றிரவு, பல காலம் இருண்டு கிடந்த ஒசாகாவில் விளக்குகள் எரிவதைப் பார்த்த பிறகுதான், தாம் பிழைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையே அவருக்கு வந்ததாம். பின்னர் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ஏதோ கேட்க, மொழி புரியாமல் விழித்தற்காக அடிபட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஒருவரை ஒருவர் புரிந்து கொள்ள முடியாத இரண்டு கூட்டங்கள் அவர் கதைகளில் ஓயாமல் மோதுவதற்கு வேர் எங்கே இருக்கிறது என்று இனி நாம் ஆராய வேண்டியதில்லை.

தோற்ற நாட்டில் சோறு இல்லை, காகிதமும் இல்லை. இருந்த நல்ல காகிதத்துக்குக் கட்டுப்பாடு. டோக்கியோவின் பெரிய பதிப்பகங்கள் கையைப் பிசைந்து கொண்டு நின்றன. அப்போது ஒசாகாவின் சில்லறைப் பதிப்பாளர்கள் ஒரு வழி கண்டார்கள். பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்த சொரசொரப்பான தாளுக்குக் கட்டுப்பாடு இல்லை. அதில் அச்சடித்து, கண்ணைப் பறிக்கும் சிவப்பு மையில் அட்டை போட்டு, மிட்டாய்க் கடையிலும் பொம்மைக் கடையிலும் தொங்கவிட்டார்கள். புத்தகக் கடை வாசலை அவை மிதித்ததே அரிது. சிவப்புப் புத்தகம் என்றே பெயர். ஜப்பானிய மொழியில் அகாஹோன். படித்தவர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டார்கள். பையன்களோ காசு சேர்த்து வாங்கினார்கள். வரைபவருக்கு ஒரே தடவையில் மொத்தமாக ஒரு தொகை கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். ஆயிரம் விற்றாலும் இலட்சம் விற்றாலும் வரைந்தவர் பை கனக்காது.

இந்தச் சந்தையில்தான் 1947 ஜனவரியில் “புதிய புதையல் தீவு” வந்தது. சாகாய் ஷிச்சிமா என்ற மூத்த ஓவியரின் திட்டத்துக்குத் தெசுகா வரைந்தார். 4 இலட்சம் பிரதிகள் விற்றன என்று சொல்வார்கள். ஒரு கார் ஓடி வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் அது பெரிதாகிறது. சினிமா பார்ப்பது போலவே இருக்கிறது. நாம் முதலில் சொன்ன அந்த இரு நண்பர்கள் மலைத்துப் போனது இதைப் பார்த்துத்தான்.

அடுத்து வந்தவை மூன்று விஞ்ஞானக் கதைகள். 1948-ல் “இழந்த உலகம்”, 1949-ல் “மெட்ரோபோலிஸ்”, 1951-ல் “வரவிருக்கும் உலகம்”. பகலில் மருத்துவப் பாடம், இரவில் கோடு போடும் வேலை என்று இருந்த காலத்தில் பிறந்தவை இவை.

முதல் கதையின் கருவைப் போர்க்காலத்திலேயே, பள்ளி மாணவராக இருந்தபோதே அவர் வரைந்து வைத்திருந்தார். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து பிய்ந்து போன மாமாங்கோ என்ற கிரகம் மீண்டும் நெருங்கி வருகிறது. அதில் அரிய சக்திக் கல் இருக்கிறது. விஞ்ஞானிகள் போகிறார்கள், கல்லை அபகரிக்க நினைக்கும் கூட்டமும் கூடவே ஒட்டிக் கொள்கிறது. அங்கே டைனோசர்கள். செடியிலிருந்து ஆக்கப்பட்ட பெண்கள் இருவரும் பயணத்தில் உண்டு. ஒருத்தியைப் பசி வெறியில் மனிதனே தின்று விடுகிறான். முடிவில் இளம் விஞ்ஞானியும் எஞ்சிய செடிப் பெண்ணும் ஊர் திரும்ப வழியின்றி அந்தக் கிரகத்திலேயே தங்கி விடுகிறார்கள். பிள்ளைகள் கதைக்குச் சோக முடிவா என்று அன்று கேட்டவர் உண்டு. போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குச் சோகம் புதிதா என்று நாம் கேட்கிறோம்.

இரண்டாவது கதைதான் நம் தோழர்கள் உற்று நோக்க வேண்டியது. பிரிட்ஸ் லாங் என்ற ஜெர்மானியர் 1927-ல் எடுத்த மெட்ரோபோலிஸ் படத்தைத் தெசுகா அப்போது பார்த்ததில்லை. பத்திரிகையில் வந்த ஒரேயொரு புகைப்படத்தைப் பார்த்திருந்தார். அதில் இயந்திரப் பெண் ஒருத்தி நின்றாள். அவ்வளவு போதும் அவருக்கு! கதையில் மிச்சி என்ற செயற்கை உயிரை டாக்டர் லாட்டன் ஆக்குகிறார். அதைப் பறிக்கத் துடிப்பவன் டியூக் ரெட். ரெட் கட்சி என்ற கூட்டத்தின் தலைவன். (பெயரைப் பார்த்துத் தோழர்கள் ஐயுற வேண்டாம், அது வெறும் கொள்ளைக் கூட்டம்.) பூமிக்கடியில் இயந்திர மனிதர்களை அடிமைகளாக வைத்து அவன் வேலை வாங்குகிறான். ஓய்வு இல்லை, ஊதியம் இல்லை, கேட்க நாதி இல்லை. தனக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை, தான் மனிதனே இல்லை என்று அறிந்த மிச்சி, அந்த அடிமைகளைத் திரட்டிக் கொண்டு நகரத்தின் மேல் பாய்கிறது. கிளர்ச்சி வெற்றியை நெருங்கும் வேளையில், மிச்சிக்கு உயிர் தந்த சூரியக் கரும்புள்ளிக் கதிர்வீச்சு நின்று போகிறது. செயற்கை உயிரணுக்கள் கரைகின்றன, மிச்சி சாகிறது.

இங்கே நமக்கு ஒரு குறை உண்டு. அடிமைகள் எழுந்தார்கள், எழுந்தது நியாயம் என்று வரைந்த கையே, அவர்கள் வெல்வதா தோற்பதா என்ற கேள்வியை அவர்களிடம் விடாமல் சூரியனிடம் ஒப்படைத்துவிட்டது. ஆனாலும் 1949-ல், அன்னியப் படையின் ஆட்சி நடந்த நாட்டில், மிட்டாய்க் கடைப் புத்தகத்தில், வேலை செய்யும் இயந்திரத்துக்கும் வலிக்கும் என்று ஒரு மாணவர் வரைந்தாரே, அது சிறிய காரியமா?

மூன்றாவது கதை வந்த நேரத்தைப் பாருங்கள். 1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. குண்டு வீசும் விமானங்கள் ஜப்பானிய மண்ணிலிருந்தே கிளம்பின. மறு ஆண்டு தொடக்கத்தில் வந்தது “வரவிருக்கும் உலகம்”. ஸ்டார், யூரான் என்று இரண்டு வல்லரசுகள் கதையில் மல்லுக்கு நிற்கின்றன. எந்த நாடுகள் என்று குழந்தைக்கும் தெரியும். இருவரும் நடத்திய அணுச் சோதனையின் விளைவாக, குதிரை லாட வடிவத் தீவு ஒன்றில் புமூன் என்ற புதிய மனித இனம் தோன்றிவிடுகிறது. நம்மைவிட அறிவு மிக்க அந்தக் குட்டி மனிதர்கள், விண்ணிலிருந்து நச்சு மேகம் பூமியை நோக்கி வருவதைக் கண்டு, பறக்கும் தட்டுகளில் உயிரினங்களை ஏற்றிக் கொண்டு கிளம்பப் பார்க்கிறார்கள். வல்லரசுகளோ அப்போதும் சண்டையை விடவில்லை! இரு தரப்பையும் ஒரே தராசில் வைத்தது சரிதானா என்பது தனி விவாதம். ஆனால் அவர் அஞ்சியது வீண் அச்சம் அல்ல. 1954 மார்ச் 1-ல் அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மேல் கொட்டியது. இந்தக் கதைக்காக ஆயிரம் பக்கம் போல வரைந்து, முந்நூறு சொச்சமாக வெட்டிச் சுருக்கினார் என்பார்கள். தாள் தட்டுப்பாடு எழுத்தாளனை எப்படியெல்லாம் பழக்குகிறது!

பிறகு டோக்கியோ அழைத்தது. மருத்துவமா, சித்திரமா என்று தாயிடம் கேட்டார். எது பிடிக்கிறதோ அதைச் செய் என்றார் அந்தத் தாய். 1951-ல் பட்டம் பெற்றார். மருத்துவராகத் தகுதியும் பெற்றார். ஆனால் ஊசி பிடிக்கவில்லை, பேனா பிடித்தார். அதே ஆண்டு ஒரு சிறுவர் இதழில் ஆட்டம் என்ற இயந்திரச் சிறுவன் தோன்றினான். விபத்தில் இறந்த மகனின் சாயலில் ஒரு விஞ்ஞானி செய்த பொம்மை அவன். வளரவில்லை என்று கண்டதும் அதே விஞ்ஞானி அவனை சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். விலைக்கு விற்கப்பட்டவனே மனிதர்களைக் காக்கப் பறக்கிறான். 1955 வாக்கில் பிள்ளைகளைக் கெடுக்கும் புத்தகங்கள் என்று சித்திரக்கதைகளை ஜப்பானில் தீயிட்டார்கள். தெசுகாவும் அந்த ஏச்சுக்குத் தப்பவில்லை.

இனி வருவது கசப்பான பகுதி.

கார்ட்டூன் படம் எடுப்பது சிறுவயது முதல் அவர் கனவு. 1961-ல் சொந்தத்தில் நிறுவனம் தொடங்கினார். முஷி புரொடக்‌ஷன், அதாவது பூச்சிக் கம்பெனி. 1963 ஜனவரி 1 அன்று ஆட்டம் தொலைக்காட்சியில் பறந்தான். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம். நொடிக்கு 24 சட்டம் ஓடும் திரையில் ஒரே படத்தை மூன்று சட்டத்துக்கு நிறுத்தினால் 8 படம் போதும் என்று கணக்குப் போட்டார். பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து பலமுறை பயன்படுத்தினார். அதே ஆண்டு அமெரிக்காவும் வாங்கிற்று. மிட்டாய் கம்பெனி ஒன்று, ஆட்டம் படம் ஒட்டிக் கொடுத்தே சாக்லெட்டை விற்றுத் தள்ளியது. (மிட்டாய்க் கடையில் தொடங்கியவரை மிட்டாய் விடவேயில்லை!)

ஆனால் என்ன விலைக்குக் கொடுத்தார்? செலவுக்கும் கட்டாத விலைக்கு. மற்றவர் போட்டிக்கு வரக்கூடாது என்ற எண்ணமும் அதில் உண்டு. பள்ளத்தைத் தம் சித்திரக்கதை வருமானத்தைக் கொட்டி நிரப்பினார். அவருக்கு நிரப்பப் பேனா இருந்தது. பின்னால் வந்த கம்பெனிகளுக்கு என்ன இருந்தது? தொழிலாளியின் இரவுதான் இருந்தது. படத்துக்குப் படம் கூலி, விடிய விடிய வேலை என்ற வழக்கம் அந்தத் தொழிலில் வேரூன்றியது. 1989-ல் அவர் மறைந்த சூட்டிலேயே, ஹயாவோ மியாசாகி என்ற மற்றொரு பெரும் படைப்பாளி, ஊரே அஞ்சலி பாடிக் கொண்டிருந்தபோது, இந்தக் குற்றச்சாட்டை மறைக்காமல் எழுதினார். பழி முழுவதும் தெசுகாவுடையது அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள் கை சுத்தமா என்று நாமும் கேட்போம். என்றாலும், மெட்ரோபோலிசின் பாதாள அடிமைகளை வரைந்தவர் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபோது தம் பழைய கதையைத் திருப்பிப் படித்திருக்க வேண்டும் என்றே நாம் நினைக்கிறோம்.

கடனும் உட்பூசலும் பெருகின. 1971-ல் அவர் தலைமையை விட்டு விலகினார். 1973-ல் கம்பெனி திவாலாயிற்று. கதை அத்துடன் முடியவில்லை. 1977-ல் பழைய தொழிலாளர்கள், சங்கத்தவர் முன்னிற்க, அதே பெயரில் நிறுவனத்தை மீண்டும் எழுப்பினார்கள்.

தெசுகா காலம் முடிந்தது என்று பலரும் எழுதிவிட்ட அதே 1973-ல், உரிமம் இல்லாத அறுவை மருத்துவன் ஒருவனின் கதையோடு அவர் திரும்பி வந்தார். “பிளாக் ஜாக்” என்ற அந்தத் தொடரில் பழைய மருத்துவப் படிப்பு கை கொடுத்தது. அவர் வரைந்த பக்கங்களை மொத்தம் 1,50,000 என்று கணக்கிடுகிறார்கள். வயிற்றுப் புற்றுநோய் கண்டு மருத்துவமனையில் கிடந்தபோதும் பென்சிலைக் கேட்டு வாங்கினார். 1989 பிப்ரவரி 9-ம் நாள் 60 வயதில் கண் மூடியபோது, மூன்று தொடர்கதைகள் பாதியில் நின்றிருந்தன.