காலால் அளந்த பண்டிட்!

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று சட்டென்று சொல்லி விடுவீர்கள். எத்தனை தப்படி என்று கேட்டால்?

நடக்கும்போது ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே உள்ள தூரம்தான் தப்படி. இப்படித் தப்படிகளை எண்ணிக் கொண்டே 1,900 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, வெளியார் நுழைய முடியாத திபெத்தை அளந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நயின் சிங் ராவத்.

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில், இமயமலையில் மிக உயரத்தில் இருக்கும் மிலம் என்ற கிராமத்தில் 1830ல் பிறந்தார். பனிக்காலத்தில் அங்கே வசிக்க முடியாது. ஊரே மூட்டை கட்டிக் கொண்டு கீழே இறங்கி விடும். கோடையில் ஆடுகளின் முதுகில் தானியத்தை ஏற்றிக் கொண்டு கணவாய்களைக் கடந்து திபெத்துக்குப் போவர். உப்பும் கம்பளி ரோமமும் வாங்கி வருவர். இப்படிச் சிறு வயதிலேயே போய் வந்ததால், நயின் சிங்குக்குத் திபெத்திய மொழி நன்றாகத் தெரியும். பிறகு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். அதனால்தான் 'பண்டிட்' என்ற பெயர் வந்தது.

அப்போது ஆங்கிலேயர்கள் இந்தியா முழுவதையும் அளந்து வரைபடம் தயாரித்துக் கொண்டிருந்தனர். 1802ல் நம் சென்னை பரங்கிமலை அருகே துவங்கிய வேலை அது. தெற்கிலிருந்து அளந்து கொண்டே போனவர்கள், இமயமலையில் முட்டிக் கொண்டு நின்றனர். மலைக்கு அந்தப் பக்கம் திபெத். அந்நியர்கள் நுழையக் கூடாது என்று அங்கே கடுமையான உத்தரவு. லாசா நகரம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பது கூட வெளியே யாருக்கும் தெரியாது. ரஷ்யா அந்த வழியாக வந்து விடுமோ என்ற பயம் வேறு ஆங்கிலேயருக்கு!

வெள்ளைக்காரர் போனால் உடனே மாட்டிக் கொள்வார். எல்லையோர மலைவாசிகளையே அனுப்பினால் என்ன என்று யோசித்தார், மான்ட்கோமரி என்ற அதிகாரி. 1863ல் நயின் சிங்கும், அவரது உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டனர்.

அங்கே முதல் பாடம் என்ன தெரியுமா? நடப்பது! மேடோ, பள்ளமோ, சமவெளியோ... எங்கே நடந்தாலும் தப்படியின் நீளம் மாறக் கூடாது. பயிற்சி முடிந்தபோது நயின் சிங்கின் ஒரு தப்படி சுமார் 80 சென்டிமீட்டர். ஏறக்குறைய 2,000 தப்படிக்கு ஒரு மைல்.

எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒரு தந்திரம் செய்தனர். புத்த பிட்சுகளின் ஜெபமாலையில் 108 மணிகள் இருக்கும். இவருடைய மாலையில் 100 தான்! நூறு தப்படிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 தப்படி. பார்ப்பவர்களுக்கு, பக்தர் ஒருவர் ஜெபம் செய்தபடி போவதாகவே தோன்றும்.

கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சீட்டுக்குப் பதிலாக, அளவுகளைக் குறித்த காகிதங்கள். ஊன்றுகோலுக்குள் வெப்பமானி. யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால், சக்கரத்தைச் சுற்றி மந்திரம் சொல்லத் துவங்கி விடுவார். ஜெபத்தைக் கலைக்க மாட்டார்கள் அல்லவா!

வெப்பமானி எதற்கு? மலை உயரத்தை அளக்க! உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்து விடும். சுமார் 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். ஊட்டியில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும்.

சோழிகளுக்குள் பாதரசம் ஒளித்து வைத்திருந்தார். எல்லாரும் தூங்கிய பின், பாதரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பார்ப்பார். வானத்து நட்சத்திரத்துக்கும் கிண்ணத்து நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளந்து, பாதியாக்கினால், நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும். அதை வைத்து ஊரின் இருப்பிடத்தைக் கணக்கிடலாம். நீங்கள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நிலாவை வைத்து முயன்று பாருங்கள். பாதரசம் மட்டும் வேண்டாம், அது விஷம்.

1865ல் பயணம் துவங்கியது. நேபாளம் வழியாக நுழைய முயன்றபோது, எல்லையில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பி விட்டனர். மணி சிங் பிரிந்து சென்றார். நயின் சிங், லடாக் வியாபாரி போல வேடமிட்டு, மீண்டும் முயன்று உள்ளே நுழைந்தார்.

வழியில் ஷிகாட்சே மடத்தில், பஞ்சன் லாமாவைத் தரிசிக்க வேண்டியதாயிற்று. மனிதர்களின் மனதில் இருப்பதை லாமா அறிவார் என்பது மக்களின் நம்பிக்கை. நயின் சிங் நடுங்கியபடியே போனார். உள்ளே அமர்ந்திருந்தவர் பத்து, பதினோரு வயதுச் சிறுவன்! வழக்கமான கேள்விகளைக் கேட்டு, ஆசி கூறி அனுப்பி விட்டார்.

1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். கையில் காசில்லை. நேபாள வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். காஷ்மீர் வியாபாரிகள் இருவர் இவரது வேடத்தைக் கண்டுபிடித்து விட்டனர். நல்லவேளை, காட்டிக் கொடுக்கவில்லை. அனுமதியின்றி வந்த வேறொருவருக்கு அந்த ஊரிலேயே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை நயின் சிங் பார்த்திருந்தார். அதன் பிறகு அதிகம் வெளியே வரவில்லை. ஏப்ரலில் புறப்பட்டு, சாங்போ நதியை ஒட்டி மேற்கே நடந்து, ஊர் திரும்பினார்.

அந்தப் பயணத்தில் எண்ணிய தூரம் சுமார் 1,200 மைல். மைலுக்கு 2,000 தப்படி என்றால் மொத்தம் எத்தனை? நீங்களே பெருக்கிப் பாருங்கள். தலை சுற்றும்!

திபெத்தியர் பார்வையில் அவர் ஓர் உளவாளி, அதையும் மறைப்பதற்கில்லை. லாசாவின் இருப்பிடமும் உயரமும் உலகுக்குத் தெரிந்ததும் அவரால்தான். 1867லும், 1874லும் மீண்டும் திபெத் போனார். கடைசிப் பயணத்தில் லடாக்கின் லே நகரிலிருந்து லாசா சென்று, தவாங் வழியாக 1875ல் அசாமில் இறங்கினார். அதற்குள் கண்பார்வை மிகவும் கெட்டு விட்டது. 1877ல் லண்டன் ராயல் புவியியல் கழகம் தங்கப்பதக்கம் வழங்கியது. 2004ல் நம் தபால் துறை தபால்தலை வெளியிட்டது.

இனி உங்கள் முறை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இயல்பாகப் பத்துத் தப்படி நடங்கள். தூரத்தை டேப்பால் அளந்து பத்தால் வகுத்தால், உங்கள் தப்படி தெரியும். ஜெபமாலைக்குப் பதில் வலது பையில் புளியங்கொட்டைகள். நூறு தப்படிக்கு ஒன்றை இடது பைக்கு மாற்றுங்கள். தப்படி 50 சென்டிமீட்டர் என்றால், 20 கொட்டைகள் மாறினால் ஒரு கிலோமீட்டர்!

அடுத்து, காம்பஸ் வைத்துக் கொண்டு உங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் திசையையும் தப்படியையும் குறித்து, காகிதத்தில் வரையுங்கள். புறப்பட்ட புள்ளியிலேயே கோடு வந்து சேர்கிறதா? சேராமல் இடைவெளி இருந்தால், அவ்வளவுதான் உங்கள் பிழை.

நயின் சிங்கின் உறவினர் கிஷன் சிங்கும் இதே வேலைக்குப் போனவர்தான். ஒருமுறை, கொள்ளையர் பயத்தால் அவரைக் குதிரையில் ஏறச் சொல்லி விட்டனர், உடன் வந்தவர்கள். தப்படிக்கு என்ன செய்வது? குதிரையின் வலது முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் எண்ணிக் கொண்டே போனார்! மைதானத்தில் சைக்கிள் ஓட்டுபவர்கள், பெடல் சுற்றுகளை எண்ணிப் பார்க்கலாம்.