பட்டதாரிகள் சஞ்சிகையில் ஒரு சண்டைக்காரர்: பெர்னார்ட் டிவோட்டோ

பல்கலைக்கழகப் பழைய மாணவர் சஞ்சிகையை யாரும் வாசிப்பதில்லை என்று சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மரண அறிவித்தல்களை எல்லோரும் வாசிக்கிறார்கள். தன்னோடு படித்தவன் எந்தப் பதவியில் இருக்கிறான் என்பதையும் வாசிக்கிறார்கள். வாசிக்கப்படாமல் கிடப்பது மீதிப் பக்கங்கள்தான்: துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி, கட்டடத் திறப்பு விழாப் படங்கள், நன்கொடையாளர் பட்டியல். சில வருடங்கள் இப்படியான ஒரு வெளியீட்டுக்குப் புரூப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பக்கங்களைத் தயாரிப்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவற்றை மாற்ற யாரும் துணிவதில்லை. காசு தருபவர்களும் வாசிப்பவர்களும் நிர்வாகத்தில் இருப்பவர்களும் ஒரே ஆட்கள். யாரைக் கோபப்படுத்துவது?

அப்படிக் கோபப்படுத்தக்கூடிய ஒருவர் 1930 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் சஞ்சிகைக்கு ஆசிரியராக வந்தார். பெர்னார்ட் டிவோட்டோ என்று பெயர். பிற்காலத்தில் புலிட்சர் பரிசு பெற்ற வரலாற்றாசிரியராகவும் அமெரிக்காவின் பெயர்பெற்ற பத்தி எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டு வருட ஆசிரியப் பணியைச் சில வரிகளில் தாண்டிவிடுவார்கள். அவர் பின்னால் நடத்திய சண்டைகளின் ஒத்திகை அங்கேதான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

டிவோட்டோ 1897 ஜனவரி 11 ஆம் திகதி யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரில் பிறந்தார். தந்தை இத்தாலிய வழிவந்த கத்தோலிக்கர், தாய் மோர்மன் விவசாயி ஒருவரின் மகள். மோர்மன்களின் ஊரில் கத்தோலிக்கப் பெயரோடு வளர்ந்த பிள்ளை எந்தப் பக்கத்துக்கும் முழுதாகச் சொந்தமாகவில்லை. 1914 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த வருடமே அங்கே பெரும் குழப்பம். நிர்வாகம் ஆசிரியர்கள் நால்வரை நீக்க, அதை எதிர்த்து இன்னும் பலர் பதவி விலகினார்கள். அதே 1915 இல் டிவோட்டோ ஹார்வர்டுக்கு மாறினார். இடையில் முதலாம் உலகப்போர் வந்தது. இராணுவத்தில் சேர்ந்தார், துப்பாக்கி சுடப் பயிற்றுவிக்கும் அதிகாரியாக உள்நாட்டிலேயே வைத்திருந்தார்கள். 1920 இல் பட்டம் பெற்றார்.

பிறகு நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட விரிவுரையாளர் வேலை. அங்கே அவருடைய மாணவியாக இருந்த ஏவிஸை 1923 இல் மணந்தார். 1926 இல் சொந்த மாநிலமான யூட்டாவைத் தாறுமாறாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். ஊரே கொதித்தது. அது நியாயமான கட்டுரை அல்ல, இளமைக் கோபம் அதிகம். ஆனால் வெளியாரை விட்டுவிட்டுச் சொந்த ஆட்களிடம் சண்டைக்குப் போகும் பழக்கம் அதிலேயே தெரிகிறது. 1927 இல் வேலையை விட்டுவிட்டு, எழுதிப் பிழைக்கும் நோக்கத்தோடு ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகருக்கு மனைவியோடு வந்து சேர்ந்தார். 1929 முதல் ஹார்வர்டிலும் கற்பித்தார்.

அவர் கைக்கு வந்த சஞ்சிகை 1892 முதல் வெளிவந்தது. முதல் இருபத்துச் சொச்ச வருடங்கள் அதை நடத்தியவர் வில்லியம் ரொஸ்கோ தேயர் என்ற வரலாற்றாசிரியர். வருடத்துக்கு நான்கு இதழ். வகுப்பு வாரியான செய்திகள், திருமணங்கள், மரணங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

டிவோட்டோ பொறுப்பேற்ற காலத்தில் கேம்பிரிட்ஜில் ஒரு வழக்குப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஒழுக்கக் காவல் சங்கம் ஒன்று தன் ஆளை வாடிக்கையாளர் போல ஒரு புத்தகக் கடைக்கு அனுப்பி, டி.எச்.லோரன்சின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை வாங்க வைத்தது. கடைக்காரர் தண்டிக்கப்பட்டார், மேன்முறையீடும் தோற்றது. ஹார்வர்டுக்குப் பக்கத்தில், ஹார்வர்ட்காரர்கள் புத்தகம் வாங்கும் கடை அது. 1930 செப்டெம்பர் இதழில் கேம்பிரிட்ஜின் இலக்கியத் தணிக்கை பற்றி டிவோட்டோ விரிவாக எழுதினார். திருமணச் செய்தி தேடி இதழைப் பிரித்த வங்கி முதலாளிகளும் சட்டத்தரணிகளும் அதைக் காணவேண்டி வந்தது. அவர்களுடைய நகரத்தில், அவர்களுடைய வர்க்கத்தார் ஆதரித்த சங்கம் செய்த வேலை.

1932 இல் ஆசிரியப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த வருடமே மார்க் ட்வெய்ன் பற்றிய அவருடைய நூல் வந்தது. சஞ்சிகை 1934 இல் நின்றுபோனது. ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை, 1936 இல் வெளியேறினார். இந்த நிராகரிப்பு அவரை ஆழமாகக் காயப்படுத்தியது. ஆனாலும் கேம்பிரிட்ஜுக்கே திரும்பிவந்து சாகும்வரை அங்கேதான் குடியிருந்தார்.

1944 இல் பழைய தணிக்கைச் சண்டை திரும்பி வந்தது. கறுப்பினப் பெண்ணுக்கும் வெள்ளையின இளைஞனுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் லில்லியன் ஸ்மித்தின் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' நாவல் பொஸ்டனில் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. இந்தமுறை டிவோட்டோ கட்டுரையோடு நிற்கவில்லை. பொலிசாருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தி, கேம்பிரிட்ஜ் கடையொன்றில் அவர்கள் பார்த்திருக்க ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கினார். வழக்கு வரட்டும் என்பதுதான் திட்டம். அவர்மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானது. கடைக்காரர் குற்றவாளியாகக் காணப்பட்டார், மாநில உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு: பெயர்பெற்றவர் தப்பினார், கடைக்காரர் மாட்டினார்.

1935 முதல் ஹார்ப்பர்ஸ் சஞ்சிகையில் மாதாந்தப் பத்தி எழுதிவந்தார், இருபது வருடம். 1947 ஜனவரியில் அதே சஞ்சிகையில் மேற்கு மாநிலங்களின் மந்தைப் பண்ணையாளர்களை அம்பலப்படுத்தினார். மத்திய அரசிடமிருந்த பொதுக் காணிகளை மாநிலங்களுக்கு மாற்றி, பிறகு மலிவாகத் தங்கள் கைக்கு எடுப்பதே அவர்களுடைய நோக்கம் என்று ஆதாரங்களோடு காட்டினார். மறுபடியும் சொந்த ஊர்க்காரர்கள். அந்த முயற்சி அப்போது கைகூடவில்லை.

1949 ஒக்டோபரில் எப்.பி.ஐ.க்கு ஒரு பகிரங்க அறிவித்தல் கொடுத்தார். அரசாங்க ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் விசாரணைகள் நடந்த காலம் அது. அதிகாரிகள் வீடுவீடாக வந்து, இன்னார் எதை வாசிக்கிறார், யாரோடு பழகுகிறார் என்று அயலவரிடமும் சக ஊழியரிடமும் கேட்பார்கள். அந்த வாசற்படி விசாரணையை இலங்கை வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இதற்கு முன் தானும் பதில் சொல்லியிருப்பதாக டிவோட்டோ ஒப்புக்கொண்டார். இனிமேல் சொல்வதில்லை, நீதிமன்றத்துக்கு அழைத்து, குற்றஞ்சாட்டப்பட்டவர் முன்னிலையில், குறுக்குவிசாரணைக்கு இடம்கொடுத்துக் கேட்டால் மட்டும் சொல்வேன் என்று எழுதினார். எப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் சினந்தார். 1952 இல் செனட்டர் மெக்கார்த்தி மேடையில் அவருடைய பெயரை இழுத்தார்.

அதே 1952 இல் வேறொரு கடிதமும் வந்தது. நல்ல சமையல் கத்தி கிடைப்பதில்லை என்று டிவோட்டோ எழுதியிருந்ததைப் படித்து, பாரிசிலிருந்து ஜூலியா சைல்ட் என்ற பெண் ஒரு சிறு பிரெஞ்சுக் கத்தியை அனுப்பினார். பதில் எழுதியவர் ஏவிஸ். அந்த நட்பின் வழியாகத்தான் 1961 இல் ஜூலியாவின் புகழ்பெற்ற சமையல் நூல் அச்சேறியது. கணவனின் சண்டைகளைப் போலவே மனைவியின் கடிதங்களும் அமெரிக்காவில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கின்றன.

1955 நவம்பர் 13 ஆம் திகதி, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக நியூயோர்க் போயிருந்த இடத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 58. அவருடைய சாம்பலை ஐடஹோவின் கிளியர்வோட்டர் காட்டுக்கு மேலே தூவினார்கள். அந்தக் காடு இன்றும் பொதுக் காணி. லொக்சா ஆற்றங்கரையில் உள்ள ஒரு சீடர் தோப்புக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள்.