குரலைக் கேட்ட மருத்துவர் கிரெப்பலின்

உளமருத்துவ முன்னோடி எமில் கிரெப்பலின் 1856-இல் ஜெர்மனியில் பிறந்தார். லைப்சிக்கில் வூண்டிடம் உளவியல் சோதனைமுறைகளைக் கற்று, 1886-இல் டோர்பாட் (இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து) பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு நோயாளிகள் பலரின் மொழி அவருக்குத் தெரியாது; மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருந்தது. சொல் புரியாதபோது காது குரலைத்தானே பற்றிக்கொள்ளும்!

பின்னர் ஹைடல்பர்க்கிலும் மூனிக்கிலும் நோயாளி ஒவ்வொருவருக்கும் தனி அட்டை எழுதி, நோயின் போக்கை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார். மனச்சோர்வுற்றோரின் குரல் தாழ்ந்து, வேகம் குறைந்து, ஏற்ற இறக்கமற்றுப் போவதையும், சிலர் பேச்சின் நடுவிலேயே மௌனமாகிவிடுவதையும் குறித்துவைத்தார். இன்று கணினி, குரலின் சுருதி மாற்றத்தையும் சொற்களுக்கிடையிலான இடைவெளியையும் அளந்து தேடுவது ஏறக்குறைய இவற்றைத்தான். அவரிடம் இருந்ததோ காது மட்டுமே. (சளியும் களைப்பும்கூட குரலைத் தாழ்த்தும் என்பதால், குரலை மட்டும் வைத்து நோயை முடிவுசெய்ய இயலாது.)

1904-இல் நம் அண்டைத் தீவான ஜாவாவுக்கும் வந்தார். போகோர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை ஆராய்ந்து, ஐரோப்பாவில் கண்ட மனச்சோர்வு இங்கு அரிது என்றார். உண்மையிலேயே அரிதா, அல்லது நம் பக்கத்துச் சோகம் அவர் பழகாத தொனியில் ஒலித்ததா? மனநோய் பரம்பரையாக இனத்தைச் சீரழிக்கிறது என்று நம்பியவர் அவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

1917-இல் மூனிக்கில் உளமருத்துவ ஆய்வுக்கழகம் ஒன்றை நிறுவினார். 1926-இல் அந்நகரிலேயே காலமானார்.