ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசிய சென்னைக்காரர்... ஒலிம்பிக் வாய்ப்பை விட்ட எம்.ஜே.கோபாலன் யார்?

நெமிலியில் ஏரி ஓரம் டென்னிஸ் பால் மேட்ச் நடந்தா யார் ஜெயிச்சாங்கன்னு சொல்றது ரொம்ப சுலபம். யாரு அதிக ரன் எடுத்தாங்களோ அவங்கதான். ஆனா டிவியில ரஞ்சி மேட்ச் ஓடும்போது கீழே ஒரு வரி வரும்: ஒரு இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்கள் வித்தியாசத்தில் வெற்றி. கிரிக்கெட்டுக்குப் புதுசா வர்றவங்க குழம்புற இடம் இதுதான்.

இந்தக் கணக்கைப் புரிஞ்சுக்க ஒருத்தரோட வாழ்க்கையே போதும். அவர் பெயர் எம்.ஜே.கோபாலன். ரஞ்சி கோப்பையோட முதல் பந்தை வீசியவர்.

யார் இந்த கோபாலன்?

செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6-ம் தேதி பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்' அந்த ஊரைத்தான் குறிக்குது. வேகப்பந்து வீச்சாளர், பேட்டும் பிடிப்பார். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்காக ஆடினார்.

அவரோட திறமையை அடையாளம் கண்டவர் அப்போது சென்னையில் ஆடிவந்த ஆங்கிலேய வீரர் சி.பி.ஜான்ஸ்டன். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலையும் கிடைத்தது. கிரிக்கெட் ஆடி யாரும் சம்பளம் வாங்காத காலம் அது. கையில் ஒரு வேலை இருந்தால்தான் மைதானத்துக்கே போக முடியும்.

ஒரே நாளில் முடிந்த மேட்ச்

1934 நவம்பர் 4. சேப்பாக்கம் மைதானம். ரஞ்சி கோப்பையின் முதல் போட்டியில் மெட்ராஸ், மைசூர் அணிகள் மோதின. முதல் பந்தை வீசியவர் கோபாலன்.

இங்க அடிப்படை விதிகளைப் பார்த்துடலாம். ஒரு அணிக்கு 11 பேர். ஆறு பந்து வீசினா ஒரு ஓவர். பேட்ஸ்மேன்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினா ஒரு ரன். பந்து தரையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டினா 4, தரையில் படாமலே தாண்டினா 6. வைடு, நோ பால் போட்டா பேட்டிங் அணிக்கு ஒரு ரன் இலவசம், அந்தப் பந்தையும் திரும்பப் போடணும். போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ரன் அவுட், ஸ்டம்பிங் எல்லாம் அவுட் ஆகுற வழிகள். பத்து பேர் அவுட் ஆனா இன்னிங்ஸ் முடிஞ்சுது. பதினோராவது ஆளுக்கு ஜோடி இல்லை என்பதால் அவர் தனியா ஆட முடியாது.

டி20-யில் ஒரு அணிக்கு ஒரே இன்னிங்ஸ். ரஞ்சி, டெஸ்ட் போட்டிகளில் ஆளுக்கு இரண்டு.

இப்போ அன்றைய ஸ்கோரைப் பாருங்க.

மைசூர் முதல் இன்னிங்ஸ்: 48
மெட்ராஸ் முதல் இன்னிங்ஸ்: 130
மைசூர் இரண்டாவது இன்னிங்ஸ்: 59

மைசூர் இரண்டு தடவை ஆடியும் மொத்தம் 107 ரன்தான். மெட்ராஸ் ஒரே தடவையில் 130. வித்தியாசம் 23. மெட்ராஸ் தன்னோட இரண்டாவது இன்னிங்ஸை ஆட வேண்டிய தேவையே வரலை. அதனாலதான் ஒரு இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வெற்றி. எல்லாம் ஒரே நாளில் முடிஞ்சுது.

அந்த மேட்சில் மைசூரைச் சுருட்டியவர் ஏ.ஜி.ராம் சிங். 6/19, 5/16. அதாவது 19 ரன் கொடுத்து 6 விக்கெட், அப்புறம் 16 ரன் கொடுத்து 5 விக்கெட். ஒரு விஷயம் கவனிங்க. அணியோட ஸ்கோரில் 130/5 என்றால் முதலில் ரன், பிறகு விக்கெட். பந்துவீச்சாளர் கணக்கில் முதலில் விக்கெட், பிறகு ரன். இவ்வளவு சாதித்த ராம் சிங்குக்கு ஒரு டெஸ்டில்கூட வாய்ப்பு கிடைக்கலை. அவரோட மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிறகு இந்தியாவுக்காக ஆடினாங்க.

ஒரே ஒரு டெஸ்ட்

கோபாலனுக்கு வாய்ப்பு கிடைச்சது, ஆனா ஒரே ஒரு தடவை. 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். இந்தியாவுக்கு சி.கே.நாயுடு கேப்டன், இங்கிலாந்துக்கு ஜார்டின். போட்டி டிரா.

டிரா வேற, டை வேற. ரன் சமமா முடிஞ்சா டை. ஆட்டம் முடியாமலே நேரம் முடிஞ்சா டிரா. டிராவில் ரன் யாருக்கு அதிகம் என்பது கணக்கில்லை.

அந்த டெஸ்டில் கோபாலன் எடுத்தது இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், ஒரு விக்கெட். அவரோட சராசரியும் 18. எப்படி? மொத்த ரன்னை இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுக்க மாட்டாங்க, எத்தனை தடவை அவுட் ஆனாரோ அதால்தான் வகுப்பாங்க. ஒரு இன்னிங்ஸில் அவர் 11 ரன்னுடன் நாட் அவுட்.

தங்கமா, தொப்பியா?

கோபாலன் ஹாக்கியிலும் கில்லாடி. 1935-ல் தயான் சந்த் இருந்த இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போய் ஆடியவர். 1936-ல் இரண்டு பயணங்களும் ஒரே நேரத்தில் வந்தன. ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கு, கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

விஜயநகரம் மகாராஜ்குமார் தலைமையில் போன அந்த அணி மூன்று டெஸ்டில் ஆடியது. ஒன்றில்கூட கோபாலனுக்கு இடம் இல்லை. அதே கோடையில், ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் நடந்த இறுதிப்போட்டியில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தி தங்கம் வென்றது. அதுக்கப்புறம் கோபாலனுக்கு இன்னொரு டெஸ்டும் வரலை, ஒலிம்பிக்கும் வரலை.

ஆனாலும் பெயர் நின்றது

அவர் சோர்ந்து ஒதுங்கிடலை. மெட்ராஸுக்காகத் தொடர்ந்து ஆடினார். இந்திய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். அவர் முதல்தரக் கிரிக்கெட்டில் நுழைந்த 25-ம் ஆண்டை ஒட்டி, 1952-53 பருவத்தில் மெட்ராஸ், இலங்கை அணிகளுக்கு இடையே கோபாலன் கோப்பை தொடங்கப்பட்டது. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து வருவதற்கு சுமார் 30 ஆண்டு முன்பே அந்நாட்டு வீரர்களுக்கு வெளிநாட்டு அணியோடு மோதும் வாய்ப்பைக் கொடுத்த போட்டி இது.

2003 டிசம்பர் 21-ம் தேதி சென்னையில் கோபாலன் காலமானார்.

டெஸ்ட் பட்டியலில் அவர் பெயருக்கு நேரா இருப்பது 1 போட்டி, 18 ரன், 1 விக்கெட். இந்த வரிசையில் பெர்லினுக்கு இடமில்லை, 1934 நவம்பரில் வீசிய அந்த முதல் பந்துக்கும் இடமில்லை. ஸ்கோர் கார்டு படிக்கக் கத்துக்கங்க. அதில் ஏறாததையும் கொஞ்சம் விசாரிச்சுப் பாருங்க.