கொடைக்கானல் ஏரியும் தூத்துக்குடிப் படகும்



இந்த மாதம் ‘வாழ்ந்து காட்டியவர்கள்’ பகுதி எழுத என் முறை. வ.உ.சி. ஐயா, பாரதியார் பற்றியெல்லாம் இந்தச் சுவரில் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. அதனால் யாரும் எழுதாத ஒருவரைத் தேடினேன். அவர் வெள்ளைக்காரர், அதுவும் ஒரு கலெக்டர். வெள்ளைக்காரரைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று கோபப்படாதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. நம்ம ஊர் இதில் வருது.

அவர் பெயர் வேர் ஹென்றி லெவிஞ்ச். அயர்லாந்து நாட்டில் பெரிய நிலக்கிழார் குடும்பத்தைச் சேர்ந்தவர். கும்பினி காலத்தில் வேலைக்கு வந்து, 1860-களில் மதுரை கலெக்டராக இருந்தார். இப்போது கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனதே 1985-ல்தான். அதுவரை பழனி மலை முழுவதும் மதுரை கலெக்டர் கையில்தான் இருந்தது. (நம்ம தூத்துக்குடியும் அப்போ திருநெல்வேலி மாவட்டம். 1986-ல்தான் பிரிந்தது.)

கொடைக்கானலைக் கண்டுபிடித்தது லெவிஞ்ச் துரை இல்லை. பளியர் இன மக்கள் அந்த மலைகளில் காலம் காலமாக வாழ்ந்து வருகிறார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் அங்கே பங்களா கட்டினார்கள். லெவிஞ்ச் அதற்கும் பிறகு வந்தவர். அவர் வந்தபோது மேலே சில வீடுகள் இருந்தன. நடுவில் ஓடைத் தண்ணீர் தேங்கும் சதுப்பு நிலம் இருந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது சேறு, அவர் கண்ணுக்கு ஏரி!

1863-ல் அந்த ஓடைக்குக் குறுக்கே கரை கட்டினார்கள். தண்ணீர் மெல்லத் தேங்கி, பள்ளம் போன பக்கமெல்லாம் கை நீட்டி, நட்சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மொத்தம் சுமார் 60 ஏக்கர். சுற்றி நடந்தால் 5 கிலோமீட்டர். இதற்குத் தன் கைக்காசையும் செலவு செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஊட்டி ஏரியையும் இப்படித்தான் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உண்டாக்கினார். கலெக்டர்களுக்கு மலைக்குப் போனாலே ஏரி ஆசை வந்துவிடும் போல.

ஏரியில் மீன் விட்டார். தண்ணீர் இருக்கு, மீன் இருக்கு, இனி என்ன வேண்டும்? படகு வேண்டும். மதுரையில் படகுக்கு எங்கே போவது? அதனால் முதல் படகை நம்ம தூத்துக்குடியில் இருந்துதான் கொண்டு போனார்!

இதைப் படித்ததும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எப்படிக் கொண்டு போயிருப்பாங்க? தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1876-ல்தான். லாரி என்ற பேச்சே இல்லை. அப்படியென்றால் மதுரை வரைக்கும் மாட்டு வண்டிதான். பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் போனதும் வண்டியும் நின்றுவிடும். அதற்கு மேல் குதிரையும் ஆளும் மட்டும் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையைச் சீராக்கியதிலும் லெவிஞ்சுக்குப் பங்கு உண்டு. துரைமார்களும் அவர்கள் வீட்டு அம்மாக்களும் டோலியில் உட்கார்ந்து போவார்கள். டோலியை நம்ம ஆட்கள் தோளில் சுமந்து ஏறுவார்கள். அப்போ படகையும் தோளில்தானே ஏற்றியிருக்க வேண்டும்? ஏரி இருப்பது சுமார் 7,000 அடி உயரத்தில்!

எங்க தாத்தா ஓடாவி. வள்ளமும் தோணியும் செய்கிற தச்சரை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவரிடம் இதைக் கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். மரப்படகு தண்ணீரில் கிடக்கும் வரைக்கும்தான் பலகை ஊறி இறுக்கமாக இருக்குமாம். வெயிலில் நாள் கணக்காக வண்டியில் போனால் பலகை காய்ந்து சுருங்கி, மூட்டு மூட்டாக வாய் திறந்துவிடுமாம். அப்படியே ஏரியில் இறக்கினால் உள்ளே தண்ணீர் வந்துவிடும். இடுக்கில் பஞ்சுத்திரி வைத்து அடித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். அதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். மலை உச்சியில் இருப்பவர்களுக்குக் கலப்பத்து எப்படித் தெரியும்? ஆகவே படகு மட்டும் போயிருக்காது, கூடவே இங்கிருந்து ஒரு ஓடாவியும் போயிருப்பார் என்பது தாத்தாவின் முடிவு. அந்தக் குளிரில் வேட்டி துண்டோடு என்ன பாடுபட்டாரோ என்று அவரைத் தெரிந்த மாதிரியே வருத்தப்பட்டார்.

தாத்தா சொன்னது கணக்குத்தான், சாட்சி இல்லை. கலெக்டர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. அந்தப் படகைச் செய்தவர் பெயரும் சுமந்தவர்கள் பெயரும் எதிலும் கிடைக்கல. அதனால் லெவிஞ்ச் துரை நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் 1867-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். மற்ற துரைமார்கள் ஓய்வு பெற்றதும் கப்பலேறிச் சீமைக்குப் போய்விடுவார்கள். இவர் கொடைக்கானலுக்கே குடி போனார். சீமைப் பழமரங்கள், காய்கறி, பூச்செடி எல்லாம் கொண்டுவந்து வளர்த்தார். ஒரு ஊரை உண்டாக்கிவிட்டு அதிலேயே இருந்து பார்ப்பது பெரிய விஷயம்தான்.

இன்னொரு வேடிக்கை. எல்லாரும் அவரை சர் லெவிஞ்ச் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் ஏரி கட்டியபோது அவர் சர் இல்லை. அண்ணன் 1884-ல் இறந்த பிறகுதான் குடும்பப் பட்டம் இவருக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1885-ல், இவரும் இறந்துவிட்டார். பட்டம் ஒரு வருஷம், ஏரி நூற்று அறுபது வருஷத்துக்கு மேல்!

அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து, 1890-ல் ஏரியில் படகுக் குழாம் தொடங்கினார்கள். முதலில் அங்கத்தினர்களுக்கு மட்டும்தான். வெளியாட்களும் படகில் போகலாம் என்று ஆனது 1932-ல். ஏரிக்குப் பக்கத்தில் பூக்கள் நிறைந்த பிரையன்ட் பூங்கா 1908-ல் வந்தது. அதை அமைத்தவர் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி. இப்போது சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் படகு விடுகிறது. துடுப்புப் படகு, காலால் மிதிக்கிற படகு, ஏரியைச் சுற்றி வாடகை சைக்கிள், குதிரை சவாரி எல்லாம் உண்டு.

இதெல்லாம் நான் படித்ததும் கேட்டதும்தான். போன வருஷச் சுற்றுலாவுக்கு எங்க வீட்டில் பணம் கட்ட முடியல. என் தோழிதான் போய் வந்து, மிதிபடகுச் சீட்டை எனக்காகக் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் என் தமிழ் நோட்டுக்குள்ளே இருக்கு. அதைத் தாத்தாவிடம் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: படகு மரமா, பைபரா? பைபர்தான் என்றேன். அப்போ கலப்பத்துக்கு வேலையில்லை என்று சொல்லிவிட்டு, சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

— ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி