அச்சுக்கூடம் யாருக்குச் சொந்தம்? அயோத்திதாசப் பண்டிதர் காட்டிய வழி

எழுத்து, இசை, அச்சு, காட்சிக்கலை ஆகிய படைப்புத் தொழில்களை வளர்க்கப்போவதாக அரசுகள் இன்று பேசுகின்றன. அத்தொழில்களின் உடைமை யாரிடம் இருக்கும் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி. நூறாண்டுகளுக்கு முன்பே அதற்குச் செயலால் விடையளித்தவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20 அன்று பிறந்த அவரது இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே ஏற்றுக்கொண்ட அவர், சித்த மருத்துவராக வாழ்ந்தார். தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீசிடம் சேர்ப்பித்த செய்தியை அவரே பதிவு செய்துள்ளார். சுவடி ஒடுக்கப்பட்டோர் வீட்டில் இருந்தது. அச்சுக்கூடமோ பிறர் வசம் இருந்தது.

1885இல் ஜான் இரத்தினத்துடன் இணைந்து ‘திராவிடப் பாண்டியன்’ இதழில் பணியாற்றினார். 1898இல் பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்கள், விலை, பெயரிலேயே உள்ளது. கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை அது. மறு ஆண்டே ‘தமிழன்’ எனப் பெயர் மாறிய அவ்விதழைக் கோலார் தங்கவயல் தொழிலாளரும் கடல்கடந்த தமிழரும் தாங்கிநின்றனர். வாசகர் ஆதரவால் கௌதமா அச்சுக்கூடமும் அமைந்தது. வரலாறு, மருத்துவம், வேளாண்மை, அரசியல் என அனைத்தும், பிறர் அனுமதிக்குக் காத்திராமல் அச்சேறின. 1914 மே 5 அன்று மறையும்வரை அவர் இதழை நடத்தினார். பின்னாளில் அது கோலார் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய சிந்தனைகளைத் தொகுக்க முடிந்ததற்கு அன்று அச்சான அந்தப் பக்கங்களே காரணம்.

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் வேலை தருவதில்லை. அருகிலேயே இருக்கிறது அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசி. அங்கே நம் இளைஞர் கூலிக்கு இயந்திரம் ஓட்டுவதும், நம் பறையிசைக் கலைஞர் ஒருநாள் சம்பளத்துக்கு மேடையேறுவதும் மட்டுமே படைப்புத் தொழில் வளர்ச்சி ஆகிவிடாது.

2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அளிக்கிறது. அச்சகமோ பதிப்பகமோ ஒலிப்பதிவுக் கூடமோ தொடங்க முனையும் சிற்றூர் இளைஞரை அது எட்ட வேண்டும். அடகு வைக்க நிலமில்லை என்பதற்காக வங்கி வாசலில் அவர் திருப்பி அனுப்பப்படக் கூடாது. இதை வலியுறுத்துவது நம் கடமை. நம்மவர் நடத்தும் இதழுக்குச் சந்தா செலுத்துவதும் அவ்வாறே. பண்டிதரின் அச்சுக்கூடத்தை நிலைநிறுத்தியவர்கள் செல்வர்கள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்களே.